கேப்டன் ஏன் விமானத்தை வேண்டாம் என்கிறார்? தில்லி வெயில், ஓடாத ஏ.சி., ஒட்டிவைத்த ஸ்டிக்கர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லி துவாரகாவில் எங்கள் சொசைட்டியில் ஆறு தமிழ்க் குடும்பங்கள். நான் தில்லியின் 'பாலம்' விமான நிலையத்தில் இருபத்தெட்டு வருஷம் விமானப் பராமரிப்பு எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் யாருக்கு ஃப்ளைட் தாமதமானாலும் பஞ்சாயத்து என்னிடம்தான் வரும், ஏதோ நானே விமானத்தின் வாலைப் பிடித்து இழுத்து நிறுத்திய மாதிரி. போன ஜூனில் எதிர் ஃப்ளாட் மாமி தம்பியின் அறுபதாம் கல்யாணத்துக்குக் கோவை கிளம்பினார். மதியம் இரண்டு மணி ஃப்ளைட். பஸ்ஸில் கூட்டிப்போய், ஏற்றி, இருபத்தைந்து நிமிஷம் அந்த வேக்காட்டில் உட்காரவைத்து, திரும்ப இறக்கிவிட்டார்கள். ஏ.சி. சரியில்லை, கேப்டன் இந்த விமானத்தை எடுக்க மறுத்துவிட்டார் என்று பணிப்பெண் சொன்னாராம். அன்று சாயங்காலம் எங்கள் வாட்ஸப் குழுவில் கொட்டிய கேள்விகளையும், வருஷக்கணக்காக நான் பதில் சொல்லிச் சலித்த கேள்விகளையும் இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

விமானத்தை வேண்டாம் என்று சொல்ல விமானிக்கு உரிமை இருக்கிறதா? அவரும் சம்பளம் வாங்குகிறவர்தானே?

இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதிகளில் இரண்டாம் இணைப்பு என்று ஒன்று உண்டு. பொறுப்பேற்ற விமானிக்கே இறுதி அதிகாரம் என்று அதில் எழுதியிருக்கிறது. அமெரிக்க விதி 91.3-உம் இதையேதான் சொல்கிறது. கம்பெனி அவரைக் கேட்கலாம், விளக்கம் எழுதித் தரச் சொல்லலாம், வேறு விமானமோ வேறு கேப்டனோ ஏற்பாடு செய்யலாம். ஆனால் "நீ ஏறித்தான் ஆகணும்" என்று கையைப் பிடித்துத் தள்ள முடியாது.

'டிஃபர்' செய்த, அதாவது சரிசெய்வதைத் தள்ளிவைத்த கோளாறு என்கிறார்களே, உடைந்ததைச் சரிசெய்யாமலே பறக்கவிடுகிறார்களா?

ஒரு விதத்தில் ஆமாம், ஆனால் புத்தகம் வைத்துக்கொண்டு. எம்.ஈ.எல். என்று அதற்குப் பெயர், குறைந்தபட்சக் கருவிகளின் பட்டியல். விமானம் தயாரிக்கிறவர்கள் தரப்பில் தயாராகி அவர்கள் நாட்டு அதிகாரிகள் ஒப்புதல் தந்த மூலப் பட்டியல் ஒன்று இருக்கும். அதைப் பார்த்து ஒவ்வொரு ஏர்லைனும் தன் பட்டியலை எழுதி, இங்கே நம் அரசின் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.விடம் ஒப்புதல் வாங்க வேண்டும். மூலத்தைவிடக் கண்டிப்பாக எழுதலாம், தளர்த்தி எழுத முடியாது. எது எது ஓடாவிட்டாலும், என்னென்ன நிபந்தனையோடு, எத்தனை நாள் பறக்கலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

நாள் கணக்கு இப்படி: பி வகை என்றால் 3 நாள், சி என்றால் 10 நாள், டி என்றால் 120 நாள். ஏ வகைக்கு மட்டும் அந்தந்த இடத்திலேயே தனியாக எழுதியிருக்கும். கோளாறு கண்டுபிடித்த நாள் கணக்கில் வராது, அன்று நள்ளிரவுக்குப் பிறகுதான் கடிகாரம் ஓடத் தொடங்கும். டெக் லாக் என்கிற விமானத்தின் கோளாறுப் பதிவேட்டில் கோளாறை எழுதி, எம்.ஈ.எல். எண்ணைப் போட்டு, கையெழுத்திட்டு, காக்பிட்டில் அந்த சுவிட்சுக்குப் பக்கத்தில் 'இன்ஆப்', அதாவது வேலை செய்யாது என்று ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுவோம். அந்த ஸ்டிக்கர்களை நான் எத்தனை நூறு ஒட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. வெயிலில் பசை இளகி விரலில் ஒட்டிக்கொண்டு விடவே விடாது.

வாசிப்பு விளக்கு எரியாததும் எம்.ஈ.எல்.தான், வாலில் இருக்கும் ஏ.பி.யூ. ஓடாததும் எம்.ஈ.எல்.தான். பேர் ஒன்று என்பதற்காக எடை ஒன்றாகிவிடாது.

ஏ.பி.யூ. என்பது என்ன?

விமானத்தின் வாலுக்குள் இருக்கும் ஒரு குட்டி எஞ்சின். தரையில் நிற்கும்போது மின்சாரமும் அழுத்தக் காற்றும் தருவது இதுதான். ஏர்பஸ் 320, போயிங் 737 மாதிரி விமானங்களில் 'பேக்' என்று சொல்லும் இரண்டு குளிர்விப்பு இயந்திரங்கள் அந்த அழுத்தக் காற்றை வைத்துத்தான் ஓடுகின்றன. பெரிய எஞ்சின்களைக் கிளப்பவும் அதே காற்றுதான். 787 வேறு ஜாதி, அதில் மின்சாரக் கம்ப்ரெசர்கள்.

ஏ.பி.யூ. படுத்துவிட்டால் மூன்று வண்டிகள் வர வேண்டும்: மின்சாரத்துக்கு ஒன்று, எஞ்சின் கிளப்பும் காற்றுக்கு ஒன்று, குளிர்ந்த காற்றுக்கு ஒன்று. ஏரோபிரிட்ஜில் நின்றால் மின்சாரமும் குளிர்காற்றும் பிரிட்ஜிலிருந்தே வந்துவிடும். தூரத்து 'பே'யில், அதாவது பஸ்ஸில் போய் ஏறுகிற நிறுத்துமிடத்தில் நின்றால் வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். முன்கதவும் பின்கதவும் திறந்துகிடக்க, ஜனங்கள் ஏறிக்கொண்டிருக்க, அந்த மஞ்சள் குழாய் வழியாக வரும் குளிர்காற்று ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் போய்விடும்.

சரி, ஏ.சி. இல்லாவிட்டால் என்ன? மேலே போனால் குளிர்ந்துவிடுமே, அரைமணி பொறுத்துக்கொள்ளக் கூடாதா?

இது மாமி கேட்டது. நியாயமான கேள்வி, முதல் பாதி உண்மையும்கூட. 35,000 அடியில் வெளியே மைனஸ் 54 டிகிரி அளவில் இருக்கும், அங்கே வெயில் ஒரு பிரச்சினையே இல்லை. தலைவலி முழுக்கத் தரையில்தான்.

ஆனால் அந்த அரைமணியைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். உட்கார்ந்திருக்கிற ஒரு மனிதரின் உடம்பு சுமார் 100 வாட் சூட்டை வெளியேற்றிக்கொண்டே இருக்கும். 180 பேர் என்றால் 18 கிலோவாட். வீட்டில் மாட்டுகிற ஒரு டன் ஏ.சி. எடுத்துத் தள்ளுவது மூன்றரை கிலோவாட். ஆக ஜனங்களின் உடம்புச் சூட்டுக்கே ஐந்து டன் ஏ.சி. வேண்டும். பாலத்தில் ஜூன் மதிய வெயில், அலுமினியக் கூரை, கீழே கொதிக்கிற கான்கிரீட், இதையெல்லாம் நான் இன்னும் கணக்கிலேயே சேர்க்கவில்லை. 2019 ஜூன் 10 அன்று பாலத்தில் பதிவானது 48 டிகிரி. அது நிழலில், காற்றோட்டமாக வைத்த வெப்பமானி காட்டிய அளவு. விமானம் நிழலில் நிற்பதில்லை.

அப்புறம், ஏ.பி.யூ. இல்லாத விமானத்தில் எஞ்சின் கிளப்புவதே ஒரு சடங்கு. குளிர்காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, காற்று வண்டியை வைத்து ஒரு எஞ்சினைக் கிளப்பி, வண்டிகளை விலக்கி, பின்னால் தள்ளி நிறுத்தி, ஓடுகிற எஞ்சினின் காற்றை எடுத்து மற்றதைக் கிளப்ப வேண்டும். எஞ்சின் கிளம்பும் நேரத்தில் பேக் மூடிக்கொள்ளும், ஏனென்றால் காற்று முழுக்க அங்கே தேவை. இதற்கே பத்து நிமிஷம் போய்விடலாம். அதற்குப் பிறகு டாக்ஸி, அதாவது ஓடுபாதை வரை தரையில் ஊர்ந்துபோவது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றழுத்தம் குறைவு, பேக்கும் அரைமனதாகத்தான் ஓடும். தில்லியில் ஓடுபாதைக்குப் போகிற வரிசையில் உங்களுக்கு முன்னால் பன்னிரண்டு விமானம் நின்றால் உங்கள் அரைமணி ஒரு மணி ஆகிவிடும். நடுவில் கைக்குழந்தை துவண்டால், எழுபது வயதுக்காரருக்கு மயக்கம் வந்தால், வரிசையை விட்டுத் திரும்பி நிறுத்துமிடத்துக்கு வர இன்னொரு அரைமணி.

இன்னொன்று, யாரும் நினைத்துப் பார்க்காதது: பேக் வெறும் ஏ.சி. இல்லை. மேலே போனதும் உள்ளே நீங்கள் மூச்சுவிடுகிற அழுத்தக் காற்று வருவதும் அதே பேக் வழியாகத்தான். இரண்டில் ஒன்றை டிஃபர் செய்துவிட்டுப் போனால், மிச்சமிருப்பது ஒன்றே ஒன்று. அதுவும் நடுவானில் கைவிட்டால் கேப்டன் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். ஒற்றைப் பேக்கில் பறக்கும்போது உயரத்துக்கு வரம்பு வைப்பது அதனால்தான்.

காக்பிட்டில் எப்படி இருக்கும்?

மோசமாக. முன்னால் முழுக்கக் கண்ணாடி, சுற்றிலும் சூடாகிற கருவிகள். அவற்றைக் குளிர்விக்கத் தனி விசிறிகள் உண்டு, ஆனால் விசிறி இழுப்பதே கொதிக்கிற காற்று என்றால் எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கும். இப்போது வரைபடம், எடைக் கணக்கு எல்லாம் ஐபேடில். ஐபேடைப் பயன்படுத்த ஆப்பிள் கம்பெனி சொல்லும் சூழல் வெப்பம் 35 டிகிரி வரைதான். அதற்கு மேல் போனால் 'ஆறட்டும்' என்று எச்சரித்துவிட்டு இருட்டிவிடும். இயந்திரமே அப்படிச் சொல்லிவிடுகிறது, மனுஷன் சொன்னால்தான் குற்றமாகிவிடுகிறது.

எஞ்சினியர் கையெழுத்துப் போட்ட பிறகும் கேப்டன் மறுத்தால் உங்களுக்குக் கோபம் வராதா?

வரும். வந்திருக்கிறது. ஒரு மே மாத மதியம், சென்னை ஃப்ளைட். ஏ.பி.யூ. இரண்டு நாள் முன்பே டிஃபர் செய்தது, ஸ்பேர் வரவில்லை. அன்று காலை ஒரு பேக்கும் போய்விட்டது. புத்தகத்தைப் புரட்டினேன். இதுவும் அனுமதி, அதுவும் அனுமதி. நிபந்தனைகளை முடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, கையெழுத்துப் போட்டு டெக் லாக்கை நீட்டினேன். கேப்டன் வயதான சர்தார்ஜி. படித்துப் பார்த்துவிட்டுப் பேனாவை எடுக்கவில்லை. "எஞ்சினியர் சாப், இருபதாவது வரிசையில் பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. வீம்புக்குப் போய் உட்கார்ந்தேன். ஜன்னலோரம் வெயில் பட்ட பெல்ட் பக்கிள் தொடையில் பட்டதும் துள்ளினேன். ஏழாவது நிமிஷம் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது, அதுவும் காலி விமானத்தில், ஒற்றை ஆளாக. திரும்பி வந்து எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. என் பேனாவை எடுத்து என் பாக்கெட்டிலேயே குத்திவிட்டு இறங்கிப் போனார்.

அன்று எனக்கு உறைத்தது இதுதான். நான் படித்தது இரண்டு தனித்தனிப் பக்கங்களை. அவர் பார்த்தது இரண்டையும் சேர்த்து, 44 டிகிரியில், தூரத்து பேயில், நிறைந்த விமானத்தில். எம்.ஈ.எல். முன்னுரையிலேயே இது இருக்கிறது: ஒன்றுக்கு மேற்பட்ட கோளாறுகள் இருந்தால் ஒன்று மற்றதை எப்படிப் பாதிக்கும் என்று யோசிக்காமல் விமானத்தை அனுப்பக் கூடாது. முன்னுரையை எத்தனை பேர் படிக்கிறோம்? பட்டியலின் பெயரிலேயே 'குறைந்தபட்சம்' என்று இருக்கிறது. அதற்குக் கீழே போகக் கூடாது என்பதற்கான கோடு அது. அந்தக் கோட்டில் நின்றால் கிளம்பியே ஆகவேண்டும் என்று எந்தப் பக்கத்திலும் எழுதவில்லை.

எத்தனை டிகிரிக்கு மேல் போனால் மறுக்கலாம் என்று ஒரு எண் இருக்கிறதா?

எல்லோருக்கும் பொதுவான ஒற்றை எண் கிடையாது. அமெரிக்காவில் தரையில் விமானத்துக்குள் காத்திருக்க வைத்தால் உள்ளே வசதியான வெப்பநிலை இருக்க வேண்டும் என்று விதி சொல்கிறது, எத்தனை டிகிரி என்று சொல்லவில்லை. எண் வைத்து ஒரு அளவுகோல் வேண்டும் என்று அங்குள்ள பணிப்பெண்கள் சங்கம் 2018-லேயே மனுக் கொடுத்தது. 2023 ஜூலையில் லாஸ் வேகஸில் வெயிலில் நின்ற ஒரு விமானத்துக்குள் பயணிகளும் பணியாளர்களும் சுருண்டு விழுந்து, அரசாங்கம் விசாரிக்கிற அளவுக்குப் போனது. நம் ஊரில் 2024 மே 30-ஆம் தேதி சான்பிரான்சிஸ்கோ போக வேண்டிய விமானத்தில் இதே கதை. ஏ.சி. இல்லாமல் உள்ளே உட்காரவைத்துச் சிலர் மயங்கி, பயணம் இருபது மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போய், டி.ஜி.சி.ஏ. நோட்டீஸ் அனுப்பியது.

என்னைக் கேட்டால் எண் வேண்டும். எண் இல்லாத வரை பாரம் முழுக்க அந்த ஒரு ஆள் தலையில்தான். கீழே கட்டுப்பாட்டு அறையிலிருந்து போன் மேல் போன் வரும், "போன செக்டர் கேப்டன் எடுத்துக்கொண்டுதானே வந்தார்" என்று.

ஆமாம், அதே விமானத்தை வேறு கேப்டன் எடுத்துப்போனதைப் பார்த்திருக்கிறேன். அப்போது முதல் ஆள் மறுத்தது சும்மாதானே?

காலை ஆறு மணி பெங்களூருவும் மதியம் இரண்டு மணி தில்லியும் ஒன்றா? சாயங்காலம் ஏரோபிரிட்ஜ் கிடைத்திருக்கும், வெயில் இறங்கியிருக்கும், இடையில் எங்கள் ஆட்கள் எதையாவது சரிசெய்திருப்பார்கள். சில சமயம் இரண்டாவது ஆள் கொஞ்சம் துணிச்சல்காரர், அவ்வளவுதான். அதுவும் நடக்கும்.

சம்பளத் தகராறு என்றால் விமானிகள் இதையே ஆயுதமாக்குகிறார்கள் என்கிறார்களே?

அப்படி நடக்கவே நடக்காது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். 2011 ஜூனில் யு.எஸ். ஏர்வேஸில் ஃபிலடெல்பியாவிலிருந்து ரோம் போக வேண்டிய விமானத்தை ஒரு கேப்டன் மறுத்தார். ஏ.பி.யூ. வேலை செய்யவில்லை, மின்சாரத்திலும் ஒரு சந்தேகம். போகிற வழியோ இரவில் அட்லாண்டிக் கடலுக்கு மேல், அங்கே ஏ.பி.யூ. என்பது மாற்று மின்சாரம். விமானிகள் சங்கம் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரமே கொடுத்து அவர் பக்கம் நின்றது. கம்பெனியோ, சங்கம் ஒப்பந்தப் பேச்சுக்காகப் பாதுகாப்பைச் சாக்கு வைத்து வேலையை இழுத்தடிக்கிறது என்று நீதிமன்றம் போனது. அந்த வருஷம் செப்டம்பரில் சங்கத்துக்கு எதிராகத் தடையாணையும் வாங்கியது.

2019 பிப்ரவரியில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமானக் கம்பெனியில் இதே சண்டை மெக்கானிக்குகளோடு. வழக்கத்தைவிட அதிக விமானங்கள் கோளாறென்று ஓரங்கட்டப்பட, கம்பெனி அவசரநிலை அறிவித்து, சங்கத்தின் மேல் வழக்கும் போட்டது. மெக்கானிக்குகள் "நாங்கள் இருக்கிற கோளாறைத்தான் எழுதுகிறோம்" என்றார்கள்.

இதில் என் அபிப்பிராயம்: ஒரு சங்கத்தின் உள்நோக்கத்தை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த ஒரு விமானத்தில், அந்த ஒரு மதியத்தில், ஏ.பி.யூ. ஓடுகிறதா இல்லையா என்பதற்கு ஊதிய ஒப்பந்தத்தோடு சம்பந்தம் கிடையாது. கோளாறு நிஜமென்றால் அதைச் சொன்னவன் நோக்கத்தைத் தோண்டுவதைவிட ஸ்பேரை வரவழைப்பது சுலபம். டிஃபர் செய்ததைப் பத்தாவது நாள் நள்ளிரவு வரை இழுத்துக்கொண்டு போகிற பழக்கம் இருக்கிறதே, கேப்டன்கள் மறுப்பதில் பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

வெயில் அதிகமானால் விமானம் எழும்பவே முடியாதாமே?

சூடான காற்று அடர்த்தி குறைந்தது, இறக்கைக்கும் எஞ்சினுக்கும் பிடிமானம் குறையும். அதனால் எடையைக் குறைப்பார்கள். 2017 ஜூனில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் சுமார் 48 டிகிரி வரைதான் அனுமதி உள்ள சிறிய ஜெட்களை ரத்தே செய்தார்கள். இது கேபின் சூட்டிலிருந்து வேறு விவகாரம், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏ.சி. போட்டதும் மேலிருந்து வெள்ளைப் புகை வருகிறதே?

நீராவி. ஜூலை, ஆகஸ்டில் புழுக்கம் ஜாஸ்தி, குளிர்காற்று பட்டதும் பனியாகிறது. வாசனை இல்லையென்றால் பயம் வேண்டாம்.

பயணியாக நான் என்ன செய்யலாம்?

உட்கார்ந்ததும் ஜன்னல் திரையை இறக்குங்கள், தலைக்கு மேலிருக்கும் காற்றுத் துளையை முழுக்கத் திறங்கள். இரண்டும் சேர்ந்தால் நிஜமாகவே வித்தியாசம் தெரியும். பக்கத்தில் யாருக்காவது பேச்சு குழறினாலோ வியர்ப்பது நின்று தோல் காய்ந்தாலோ உடனே பணியாளரைக் கூப்பிடுங்கள், கூச்சப்படாதீர்கள்.

தாமதம் என்றால் டி.ஜி.சி.ஏ. விதிப்படி சிற்றுண்டி, சாப்பாடு தர வேண்டும். இரண்டரை மணி நேரம் வரையுள்ள பயணத்துக்கு 2 மணி தாமதத்திலிருந்து, அதற்கு மேல் ஐந்து மணி வரை என்றால் 3 மணி தாமதத்திலிருந்து. நம் சென்னை, கோவை எல்லாம் பெரும்பாலும் இரண்டாவதில் வரும். 6 மணி நேரத்துக்கு மேல் தள்ளிப்போனால் மாற்று விமானமோ பணமோ கேட்கலாம். விமானத்துக்குள் ரொம்ப நேரம் காத்திருக்க வைக்கும் நிலை வந்தால் பயணிகளை இறக்கி வெளியே விட 2024 மார்ச்சில் வழிமுறை வந்திருக்கிறது, அதைச் சொல்லிக் கேளுங்கள். புகாருக்கு ஏர்சேவா செயலி. டிக்கெட், போர்டிங் பாஸ், நேரம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ, மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். கத்துவதாக இருந்தால் கவுன்டரில் கத்துங்கள், கேப்டனிடம் வேண்டாம். உங்களோடு அதே வேக்காட்டில் உட்கார்ந்திருந்தவர் அவர்.

மாமி கோவை போய்ச் சேர்ந்தாரா?

சேர்ந்தார். ஏழேகாலுக்கு வேறு விமானம் கொடுத்தார்கள், கேப்டன் அதே ஆள்தானாம். இரவு பத்தரைக்குப் போய் இறங்கி, மறுநாள் காலை முகூர்த்தத்துக்கு முதல் ஆளாக நின்றிருக்கிறார். பெட்டியில் வைத்திருந்த தில்லி பால்கோவா மட்டும் திரிந்துபோய்விட்டது. "அதுக்கு யார்கிட்ட புகார் கொடுக்கணும்?" என்று கேட்டார். ஏர்சேவாவில் அதற்கு ஒரு பெட்டி இருப்பதாகத் தெரியவில்லை.